நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதானே?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. 'இளைஞனே எழுந்து வா' மாதிரித் தலைப்புகளுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்டார்களாம். சரி, இரண்டு வருடமாக மனதில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயத்தை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக்கல் படிக்கிற பயலுக்குத் தொண்டைப் புற்றுநோயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள், முழுசும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

காலில் ஆணி குத்தினால் தொடை இடுக்கில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று வீங்குமே, நம் வீட்டுப் பாட்டிகள் 'நெறி கட்டியிருக்கு' என்பார்களே, அதை எல்லோருக்கும் தெரியும். அந்த நெறி என்பது உடம்பின் செக்போஸ்ட். அந்த வட்டாரத்துக்குள் நுழைந்த கிருமி, குப்பை எல்லாம் நிணநீரில் அடித்துக்கொண்டு அங்கே வந்து சேரும். உள்ளே காத்திருக்கும் வெள்ளை அணுக்கள் பிடித்து விசாரிக்கும். ஆள் வேண்டாதவன் என்று தெரிந்தால் படை திரட்டும். அந்தக் கூட்டத்தில்தான் நெறி வீங்குகிறது. புண் ஆறினதும் வீக்கமும் போய்விடும். அதனால் நெறி கட்டினால் நம் ஊரில் யாரும் பயப்படுவது கிடையாது.

என் தாய்மாமாவும் பயப்படவில்லை.

மாமா லேத் வேலைக்காரர். நான் மெக்கானிக்கல் எடுத்ததே அவர் பட்டறையில் இரும்புச் சுருள் பொறுக்கி வளர்ந்ததால்தான். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது, வெற்றிலை பாக்கு கிடையாது. ஆயுத பூஜை அன்று கையில் கொடுக்கிற வெற்றிலையைக்கூட அப்படியே கொண்டுவந்து அத்தையிடம் நீட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒருநாள் சவரம் செய்யும்போது இடது தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. சாப்பிட, முழுங்கக் கஷ்டம் இல்லை. "நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதானே" என்றார்கள் வீட்டில். ஒளிப்பானேன், நானும்தான் சொன்னேன். ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். இன்னொரு டாக்டர் பத்து நாளைக்குக் கொடுத்தார். நாலு மாதம் போய்விட்டது.

அப்புறம்தான் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் கட்டியில் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்தார். புற்றுநோய். அது ஆரம்பித்த இடம் கழுத்து அல்ல, டான்சில். உள்ளே கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்துகொண்டு, கழுத்தில் இருக்கும் செக்போஸ்டுக்குள்ளேயே குடியேறியிருந்தது. சதைத் துண்டில் பி16 என்ற சோதனை பாசிட்டிவ். அது மட்டும் போதாது என்று வைரஸின் டி.என்.ஏ.வையும் தேடினார்கள். அதுவும் இருந்தது. ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி., 16-ஆம் வகை.

இங்கேதான் என் கட்டுரை ஆரம்பிக்கிறது. நோய் வந்ததைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

முதல் வாரம் சொந்தக்காரர்கள் எல்லாம் "ஒரு பழக்கமும் இல்லாம எப்படி வரும்? வெளியே தெரியாம ஏதாவது வச்சிருந்திருப்பான்" என்றார்கள். அடுத்த வாரம் வைரஸ் விஷயம் எப்படியோ கசிந்தது. யாரோ ஒருத்தர் செல்போனில் தேடிப் பார்த்து, இது எப்படிப் பரவும் என்பதை அத்தையின் காதில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். ரேடியேஷனுக்குப் போய்வந்து எச்சில் முழுங்க முடியாமல் கிடந்த மனுஷனிடம் அத்தை பதினோரு நாள் பேசவில்லை. கஞ்சியை டம்ளரில் ஊற்றி ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மாமாவும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பதினோரு நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

நண்பர்களே, வியாதி வந்தவனிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிற இந்தப் பழக்கம் நம்மிடமிருந்து ஒழிய வேண்டும் என்பதுதான் என் கருத்து. இரக்கப்பட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வைரஸ் எப்படி வேலை செய்கிறது, நம் எதிர்ப்புச் சக்தி எந்த இடத்தில் ஏமாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், 'யார் குற்றவாளி' என்ற கேள்வியே அடிபட்டுப் போகும்.

கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். (மலர்க்குழு இந்தப் பத்தியை வெட்டாது என்று நம்புகிறேன்.) ஹெச்.பி.வி. தோலும் தோலும், சவ்வும் சவ்வும் உரசுவதால் பரவுகிற வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கையில் மரு வருகிறதே, அதுவும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். 16-ஆம் வகை முக்கியமாக உடலுறவில் பரவுகிறது. தொண்டைக்குப் போவது பெரும்பாலும் வாய்வழி உறவில். ஆனால் இதிலிருந்து ஒருவனுடைய ஒழுக்கத்தைக் கணக்குப் போட முடியாது. தாம்பத்தியம் என்று ஒன்று இருக்கிற ஆண், பெண் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஏதோ ஒரு வகை ஹெச்.பி.வி.யைச் சந்தித்துவிடுகிறார்கள். சந்தித்தது அவர்களுக்கே தெரியாது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு வருடத்துக்குள் எதிர்ப்புச் சக்தியே துடைத்துப் போட்டுவிடும்.

அமெரிக்காவில் 2009, 2010-ஆம் வருடங்களில் 14 முதல் 69 வயது வரை உள்ளவர்களை வாய் கொப்பளிக்க வைத்து எடுத்த கணக்கில், 6.9 சதவீதம் பேர் வாயில் ஏதோ ஒரு ஹெச்.பி.வி. இருந்தது. ஆண்களில் 10.1, பெண்களில் 3.6. அந்த ஆபத்தான 16-ஆம் வகை 1 சதவீதம். நூற்றில் ஒருத்தர் என்றால் அந்த நாட்டில் லட்சக்கணக்கான பேர். அத்தனை பேருக்குமா தொண்டைப் புற்றுநோய் வருகிறது? இல்லை. மிகச் சொற்பம் பேருக்குத்தான். அப்படியானால் மிச்சப் பேரைக் காப்பாற்றியது எது? எதிர்ப்புச் சக்தி. இந்தச் சிலரிடம் அது ஏன் தோற்றது? விஷயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இந்த வைரஸ் ரொம்பச் சின்னப் பயல். நம் ஒரு செல்லுக்குள் இருக்கும் மரபுப் புத்தகம் 300 கோடி எழுத்து. இவனுடையது சுமார் 8,000 எழுத்துதான். ஆனால் இந்த எட்டாயிரத்தை வைத்துக்கொண்டு அவன் செய்கிற வேலை இருக்கிறதே, அபாரம்!

நம் பட்டறைக் கணக்கில் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லும் ஒரு ஒர்க்ஷாப். உள்ளே பி53 என்று ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இருக்கிறார். கெட்டுப்போன ஜாப் மேலே போகாமல் நிறுத்துவது அவர் வேலை. நிறுத்த முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டால் அந்தச் செல்லையே சாகச் சொல்லிவிடுவார். ஆர்பி என்று இன்னொருவர் இருக்கிறார், அவர் பிரேக். செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைப்பவர். வைரஸின் ஈ6 என்ற புரதம் இன்ஸ்பெக்டரை ஸ்கிராப் தொட்டியில் தள்ளுகிறது. ஈ7 பிரேக்கைக் கழற்றுகிறது. பி16 சோதனை என்றேனே, அது இந்த இடத்தில்தான் வருகிறது. பிரேக் கம்பி அறுந்த வண்டியில் டிரைவர் பெடலை அழுத்து அழுத்து என்று அழுத்துவார், பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும், வண்டி மட்டும் நிற்காது. அந்தப் பெடல்தான் பி16. செல் முழுக்க பி16 குவிந்து கிடந்தால் கீழே பிரேக் போய்விட்டது என்று அர்த்தம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெள்ளை அணுக்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்பீர்கள். அவற்றைத் தூங்கிவிட்டன என்று திட்ட முடியாது. அவற்றுக்கு மணி அடிக்கவே இல்லை. மற்ற வைரஸ்கள் செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வரும், ரத்தத்தில் ஓடும், காய்ச்சலைக் கிளப்பும். ஹெச்.பி.வி. ரத்தத்துக்குள் போவதே இல்லை. மேல்தோலின் அடி அடுக்கில் கமுக்கமாகக் கிடக்கும். தன் பிள்ளைகளைத் தயாரிப்பதோ எப்படியும் உதிரப் போகிற மேல் அடுக்குச் செல்களில். செல் தானாக உதிரும்போது வைரஸும் கூடவே வெளியேறிவிடும். கதவை உடைக்காத திருடன் மேல் யார் புகார் கொடுப்பது?

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகிற புரதங்களில் ஒரு சாம்பிள் துண்டை எடுத்து வெளிச்சுவரில் மாட்டி வைக்கும். ஷிப்ட் முடிவில் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் பீஸ் வைப்போமே, அதே மாதிரி. டி செல் என்ற வெள்ளை அணு கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டே போகும். கோ என்றால் நகரும். நோ-கோ என்றால் செல்லைத் தீர்த்துவிடும். வைரஸின் ஈ5 என்ற புரதம் இந்தச் சாம்பிள் தட்டை வெளியே வரவிடாமல் உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. மேஜையில் பீஸே இல்லாவிட்டால் கேஜ் என்ன செய்யும்?

சரி, வாயில் எவ்வளவோ இடம் இருக்க டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும் மட்டும் ஏன்? எனக்கு ரொம்ப ஆச்சரியம் தந்த விஷயம் இதுதான். டான்சில் என்பதே எதிர்ப்புச் சக்தியின் வாசற்படி. உள்ளே வருகிற காற்றையும் சோற்றையும் சோதிப்பதற்கென்றே வைத்த இடம். அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. ஒவ்வொரு டான்சிலிலும் 10 முதல் 30 வரை குழிகள், உள்ளே கிளைவிட்ட பள்ளங்கள். அந்தக் குழிகளின் தோல், வெள்ளை அணுக்கள் சுலபமாக உள்ளே வெளியே போக வேண்டும் என்பதற்காக, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மற்ற இடத்தில் அடி அடுக்கைத் தொட வைரஸுக்கு ஒரு கீறல் வேண்டும். இங்கே கதவு திறந்தே கிடக்கிறது.

அதோடு விடவில்லை. நாள் முழுக்க இட்லி, சாம்பார், தூசி, ஆயிரம் கிருமி என்று வந்துபோகிற இடத்தில் டி செல்கள் எல்லாவற்றுக்கும் சண்டை போட ஆரம்பித்தால் நம் தொண்டை வருடம் பூராவும் வீங்கியே இருக்கும். அதனால் அந்தக் குழிச் செல்களில் பிடி-எல்1 என்று ஒரு 'போதும், நிறுத்து' அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறது இயற்கை. டி செல்லில் இருக்கும் பிடி-1 என்ற சுவிட்சை அது தொட்டால் டி செல் டிரிப் ஆகிவிடும். நம் எலக்ட்ரிகல் நண்பர்களின் ஓவர்லோட் ரிலே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் டான்சில் குழிகளில் இந்தப் பலகை இருப்பதைக் காட்டினார்கள். வைரஸ் வந்து குடியிருப்பதற்கும் அதுவே வசதியான நிழல். நம்மைக் காப்பதற்காக வைத்த ரிலே, திருடனையும் காக்கிறது.

எதிர்ப்புச் சக்தியைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்து எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பவர்களுக்கும், ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் ஹெச்.பி.வி. சார்ந்த புற்றுநோய்கள் அதிகம் வருகின்றன. காவல் தளர்ந்த வீட்டில் திருட்டு கூடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது என் அத்தையின் கேள்விக்கு வருகிறேன். 'எப்போ? யாரிடமிருந்து?' டாக்டர் அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். வைரஸ் நுழைவதற்கும் கட்டி தெரிவதற்கும் நடுவே பத்து, இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். ஐரோப்பாவில் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்து, பிற்காலத்தில் தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களுடைய பழைய சாம்பிளைத் தேடிப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் ஈ6-க்கு எதிரான ஆன்டிபாடி முன்பே இருந்தது. சிலரிடம் நோய் தெரிவதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால். அதாவது உடம்பின் காவலர் திருடனின் அங்க அடையாளத்தை எழுதி வைத்துவிட்டார், பிடிக்கத்தான் முடியவில்லை. இப்படி வருடக்கணக்கில் மறைந்திருக்கிற ஒன்று எந்த நாளில் வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. "கல்யாணத்துக்கு முன்னாலயா பின்னாலயா, உங்ககிட்டருந்து அவருக்கா அவர்கிட்டருந்து உங்களுக்கா, எதையும் சொல்ல முடியாதும்மா. பெரும்பாலோருக்கு வந்துட்டுப் போயிடும். இவருக்குப் போகலை. அவ்வளவுதான்" என்றாராம். அன்று சாயங்காலம் அத்தை கஞ்சி டம்ளரை ஸ்டூலில் வைக்கவில்லை, கையில் கொடுத்தார்.

மாமாவுக்கு 35 நாள் கதிர்வீச்சு, வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின். நாக்கில் ருசி செத்துவிட்டது, எச்சில் ஊறவில்லை, 14 கிலோ இறங்கினார். ஆனால் பிழைத்துக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், தோற்றுப்போன அதே எதிர்ப்புச் சக்திதான் பிற்பாடு கைகொடுக்கிறது. புகையிலையால் வருகிற கட்டியில் இருப்பதெல்லாம் நம்முடைய சொந்தப் புரதம், கொஞ்சம் கோணலாகிப் போனது. வைரஸ் கட்டியிலோ ஈ6, ஈ7 என்ற அந்நியர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டிகளுக்குள் டி செல்கள் அதிகம் நுழைந்திருப்பதைக் காண்கிறார்கள். எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு நோயாளி தேறுவதும் அதிகம். இன்னொரு காரணம், புகையிலைக் கட்டியில் பி53-இன் டிராயிங்கே பல சமயம் கிழிந்து போயிருக்கும். வைரஸ் கட்டியில் டிராயிங் பத்திரமாக இருக்கும், தயாராகி வருகிற பீஸைத்தான் வைரஸ் உடைக்கும். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மூன்று வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள், ஹெச்.பி.வி. உள்ளவர்களில் 82.4 சதவீதம், இல்லாதவர்களில் 57.1 சதவீதம். கூடவே இதையும் கேளுங்கள்: ஹெச்.பி.வி. உள்ளவரே ஆனாலும் நெடுநாள் புகைத்தவராக இருந்தால் அந்த லாபம் குறைந்துவிட்டது. சிகரெட் எங்கே போனாலும் தன் வேலையைக் காட்டாமல் விடாது போலிருக்கிறது.

நன்றாகத்தான் தேறுகிறார்களே, கடுமையான மருந்து எதற்கு என்று சிஸ்பிளாட்டினை எடுத்துவிட்டு செடுக்சிமாப் என்ற இதமான மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் பழைய மருந்துக்காரர்கள் 84.6 சதவீதம் பிழைத்திருந்தார்கள், புது மருந்துக்காரர்கள் 77.9. ஆகவே 'வைரஸ் கேன்சர்தானே, லேசு' என்று யாரும் அலட்சியமாகவும் இருக்கக் கூடாது.

அந்த டிரிப் ஆன ரிலேயை ரீசெட் செய்கிற மருந்துகளும் வந்துவிட்டன. பிடி-1-ஐக் கண்டுபிடித்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ, அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனோடு 2018-ல் நோபல் பரிசு வாங்கினார். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 2016-ல் அமெரிக்க அனுமதி பெற்றன. பேப்பரில் அதிசய மருந்து என்று போட்டார்கள். உண்மையில் நிவோலுமாப் சோதனையில் கட்டி சுருங்கியது நூற்றுக்குப் பதிமூன்று பேருக்கு. அந்தப் பதிமூன்று பேருக்கு அது அதிசயம்தான், மறுக்கவில்லை. மற்றவர்களின் டி செல் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதில்தான் ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

திருடன் வீட்டுக்குள் வந்தபின் இவ்வளவு பாடு. வாசலிலேயே பிடித்தால்? அதுதான் தடுப்பூசி. ஜெர்மனியின் ஹெரால்ட் ஸுர் ஹௌசன் 1983-ல் கருப்பை வாய்ப் புற்றுநோயில் 16-ஆம் வகையைக் கண்டுபிடித்தார். அதற்காக 2008-ல் அவருக்கு நோபல். 1991-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இயான் ஃப்ரேசரும், சீனாவிலிருந்து வந்த ஜியான் ஜௌவும் ஒரு வேலை செய்தார்கள். வைரஸின் வெளிக்கூட்டை மட்டும், உள்ளே சரக்கே இல்லாமல், தயாரித்தார்கள். எல்1 என்ற ஒரே புரதம். ஐந்து ஐந்தாகச் சேர்ந்து 72 கொத்து, மொத்தம் 360 பீஸ், போல்ட் நட்டு இல்லாமல் தானாகவே அசெம்பிள் ஆகி உருண்டையாக நிற்கிறது! வெறும் கூடு என்பதால் நோய் வராது. ஆனால் ஒரே மாதிரி 360 பீஸ் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் எதிர்ப்புச் சக்தி அலறிக்கொண்டு எழுகிறது. நிஜ வைரஸ் வந்து போனால் உண்டாகாத அளவுக்கு ஆன்டிபாடி இந்த ஊசியில் உண்டாகிறது, வருடக்கணக்கில் நிற்கிறது. ஜௌ 1999-ல் இறந்துபோனார். 2006-ல் ஊசி வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2009-ல் இந்தியாவில் பல மையங்களில் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு டோஸா மூன்று டோஸா என்று பார்க்கும் ஆய்வு தொடங்கியது. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். 2010-ல் வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் அரசு எல்லா ஹெச்.பி.வி. ஊசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18-ஆம் வகைகள் நிலைத்துத் தங்குவதை அந்த ஒரே டோஸும் 95 சதவீதம் தடுத்திருந்தது! உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு டோஸ் முறையை ஏற்றதற்கு இதுவும் ஒரு ஆதாரம்.

அது கருப்பை வாய்க்கு. தொண்டைக்கு? கோஸ்டாரிகாவில் ஊசி போட்ட இளம்பெண்களின் வாயில் 16, 18 வகைகள் 93 சதவீதம் குறைவாக இருந்ததை 2013-ல் வெளியிட்டார்கள். தொண்டைப் புற்றுநோயே குறைந்ததா என்று கண்ணால் பார்க்க இன்னும் பல வருடம் ஆகும், நோய் அவ்வளவு மெதுவாக வருவது. இருக்கிற ஆதாரத்தை வைத்து 2020-ல் அமெரிக்கா இந்த ஊசியின் பயன்களில் தலை, கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பையும் சேர்த்தது. ஒன்று முக்கியம்: ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை இந்த ஊசி விரட்டாது. அடி அடுக்கில் ஒளிந்திருப்பவன் எல்1 சட்டையைப் போட்டுக்கொண்டு இருப்பதில்லை. அதனால்தான் 9 வயதிலிருந்தே போடச் சொல்கிறார்கள்.

இங்கே என் இரண்டாவது கருத்து. இதைப் 'பொம்பளப் பிள்ளைங்க ஊசி' என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பது தப்பு. அமெரிக்காவில் 2015-ல் கருப்பை வாய்ப் புற்றுநோய் 11,788 பேருக்கு, ஹெச்.பி.வி. வரக்கூடிய தொண்டைப் பகுதிப் புற்றுநோய் 18,917 பேருக்கு. இந்த இரண்டாவது கூட்டத்தில் ஐந்தில் நாலு பேர் ஆண்கள். ஆஸ்திரேலியா 2013-லும் பிரிட்டன் 2019-லும் ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டன. நம் நாட்டில் புனேயில் தயாராகி 2023-ல் வந்த செர்வாவாக் ஊசியும் 9 முதல் 26 வயது வரை இருபாலருக்கும்தான். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் மாமா படுத்தபின்தான் தெரிந்தது.

மறுப்பு வரும், தெரியும். போன மாதம் கேன்டீனில் என் சிவில் நண்பன் கேட்டான், "நம்ம நாட்டுல வாய், தொண்டைக் கேன்சர் முக்கால்வாசியும் புகையிலையாலயும் பாக்காலயும் வருது. வைரஸ் பங்கு கம்மி. இருக்கிற காசைப் பொம்பளப் பிள்ளைங்களுக்குப் போட்டாலே பெரிசு. நீ என்னடா வெள்ளைக்காரன் வியாதிக்கு வரிஞ்சு கட்டுற?" நியாயமான கேள்வி. அரசாங்கப் பணம் என்றால் முதலில் பெண் பிள்ளைகளுக்குத்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களை வாரிக்கொண்டு போகிறது. பெண்களுக்குப் போட்டாலே ஆண்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும் என்பதும் சரி. ஹாஸ்டல் மாடியில் பாக்குப் பொட்டலம் பிரிக்கிறவர்கள் அதை விடாமல் தடுப்பூசியைப் பற்றிப் பேசினால் சிரிப்புத்தான் வரும். ஆனால் கையில் காசுள்ள வீட்டில்கூட பையனுக்கு வேண்டாம் என்று விடுவது அறியாமையாலா இல்லையா? விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கு எந்த அரசும் நிதி ஒதுக்க வேண்டியதில்லையே!

ஒரு வேண்டுகோளும் உண்டு. கழுத்தில் கட்டி மூன்று வாரத்துக்கு மேல் கரையாமல் நின்றால், முக்கியமாக வலியே இல்லாமல் நின்றால், உங்கள் அப்பாவானாலும் மாமாவானாலும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போங்கள். வலிக்கிற நெறி பெரும்பாலும் சண்டை போடுகிற நெறி. வலிக்காமல் கல் மாதிரி இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாமாவின் அந்த நாலு மாதத்தில் என் பங்கும் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

மாமா இப்போது மறுபடியும் லேத்தில் நிற்கிறார். பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், எச்சில் ஊறாததால். சாம்பார் ருசி திரும்பிவிட்டது, காபி ருசி மட்டும் திரும்பவில்லை என்கிறார். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்த ஊசிப் பேச்சு வந்தது. அம்மா, "தங்கச்சிக்குப் போட்டா போதாதா, தம்பிக்கு எதுக்குடா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "ரெண்டு பேருக்கும் சேர்த்தே போடுங்க அண்ணி."

தம்பிக்கு வயது பதிமூன்று. ஊசி என்றதும் அன்று மொட்டைமாடிக்கு ஓடினவன், மத்தாப்பு கொளுத்தத்தான் இறங்கி வந்தான்.